வரலாறு சொல்லத் தெரியாதவர்கள்

எங்கப்பா சாகிறதுக்கு முன்னால் நாலு தடவை டவுன் டாக்டரைப் பார்த்தார். நாலு தடவையும் நான் கூடப் போனேன். எனக்கு அப்ப பதினோரு வயசு. வருசம் 1984.

டாக்டர் ரூமில் ஒரு மேசை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். ஊர்த்தெருக்காரர் உள்ளே போனால் அதில் உட்காருவார். எங்காளுங்க போனால் கம்பவுண்டர் அந்த ஸ்டூலைக் காலால் தள்ளி மேசைக்கு அடியில் விட்டுவிடுவார். உட்காராதே என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருந்ததில்லை. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்பார்.

"எந்த ஊரு?"

ஊர்ப் பேரைச் சொல்வார்.

"ஊரா, காலனியா?"

"காலனிங்க சாமி."

"குடிப்பியா?"

"இல்லீங்க சாமி."

"எல்லாரும் இதத்தான்டா சொல்லுவீங்க. என்னா பண்ணுது?"

"இருமலுங்க சாமி. ராத்திரில..."

அவ்வளவுதான். பேனா ஓட ஆரம்பித்துவிடும். சீட்டு கம்பவுண்டருக்குப் போகும். சிவப்புத் தண்ணி ஒரு பாட்டில், வெள்ளை மாத்திரை ஒரு பொட்டலம். "குடிய நிறுத்து, எல்லாம் சரியாப் போவும்." எங்கப்பா கள்ளுக்கடைப் பக்கம் போகாத மனுசன். ஆனாலும் நாலு தடவையும் அவர் குடிகாரராகத்தான் திரும்பி வந்தார்.

'ராத்திரில' என்பதற்கு அப்புறம் அவர் சொல்ல வந்த வார்த்தை ரத்தம். ராத்திரி இருமினால் கோழையோடு ரத்தம் வரும். கொட்டாங்கச்சியில் சாம்பலைப் போட்டு அதில் துப்புவார். விடியுமுன் அம்மா கொண்டுபோய் எருக்குழியில் புதைத்துவிட்டு வரும். அந்த ஒரு வார்த்தையை நாலு தடவையும் அவரால் சொல்லி முடிக்க முடியவில்லை. நாலாவது தடவை கதவுகிட்டே திரும்பி நின்று "சாமி, ஒரு சேதி..." என்றார். "அதான் எழுதியாச்சே, போ" என்றார் டாக்டர். அவர் கழுத்தில் தொங்கிய குழாய் எங்கப்பா நெஞ்சில் ஒருநாளும் படவில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். சளியைப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். அதற்குள் ரெண்டு பக்கமும் நுரையீரல் அரித்துப்போயிருந்தது. ஐப்பசி மழையில் அப்பாவைப் புதைத்தோம்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலமா அது? இல்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கினார்கள். குடிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டு, அரைவயிறு சாப்பிட்டு வாழும் ஏழைகளுக்கு வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும், சானடோரியத்தில் படுக்கவைத்துக் கொடுப்பதற்குச் சமமாகக் குணமாகும் என்று 1959இல் உலகத்துக்கே காட்டினார்கள். சென்னையின் ஏழை உடம்புகளில் செய்து பார்த்து நிரூபித்த உண்மை அது. அதற்கு இருபத்தைந்து வருசம் கழித்து, அதே தமிழ்நாட்டில், மருந்து இருந்தும் எங்கப்பா செத்தார். மருந்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை நின்றது. அதைக் கேட்க ஆளில்லை.

பின்னால் நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். நோயாளி தன் நோவைப் பற்றிச் சொல்வதற்கு மருத்துவத்தில் 'ஹிஸ்டரி' என்று பெயர். வரலாறு. சொல்லத் தெரியாமல் குழப்புகிறவரைப் பற்றிக் கேஸ் ஷீட்டில் 'பூர் ஹிஸ்டோரியன்' என்று எழுதுவார்கள். மூன்றாம் வருசம் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது டிரங்குப் பெட்டியில் அம்மா பத்திரமாக வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பா பேருக்குக் கீழே அந்த ரெண்டு வார்த்தையும் இருந்தது. வரலாறு சொல்லத் தெரியாதவர்.

அழுகிறதுக்காக இதை எழுதவில்லை. இன்றைக்கு என் பிழைப்பே, குடும்ப மருத்துவம் படிக்கிற பயிற்சி மருத்துவர்களுக்கு நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான். அதனால் எழுதுகிறேன். எங்கப்பனைக் கொன்ற இடத்தில் நான் வாத்தியாராக இருக்கிறேன். அந்த இடத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று நம் ஜனத்துக்குத் தெரிய வேண்டும்.

பேசக் கற்றுக்கொடுப்பது என்றால் சிலர் சிரிப்பார்கள். பேசுவதற்கு ஒரு படிப்பா? உண்டு. 1957இல் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற மனநல மருத்துவர், குடும்ப மருத்துவர்களைக் கூட்டிவைத்து அவர்களுடைய நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்து ஒரு புத்தகம் எழுதினார். குடும்ப மருத்துவத்தில் அதிகம் கொடுக்கப்படும் மருந்து மருத்துவர்தான் என்பது அவர் சொன்ன சேதி. 1976இல் பைர்ன், லாங் என்ற இருவர் ஆயிரக்கணக்கான உரையாடல்களை நாடாவில் பதிவு செய்து, டாக்டர்கள் எப்படி வாயை அடைக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். எங்கப்பா செத்த அதே 1984இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் ஒரு கணக்கைச் சொன்னார்கள்: நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாகப் பதினெட்டு நொடியில் டாக்டர் குறுக்கே விழுகிறார். அதே வருசம் இங்கிலாந்தில் பெண்டில்டனும் அவர் கூட்டாளிகளும் ஒரு வழிமுறை எழுதினார்கள். நோயாளி தன் நோவைப் பற்றி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், என்ன எதிர்பார்த்து வந்தார் என்ற மூன்றையும் கேள் என்றார்கள். 1987இல் ரோஜர் நெய்பர், நோயாளியை அனுப்பும் முன் ஒரு பாதுகாப்பு வலையை விரித்து அனுப்பு என்றார். நினைத்தபடி குணமாகாவிட்டால் என்ன செய்வது, எப்போது திரும்பி வருவது என்று சொல்லி அனுப்பு என்று அர்த்தம்.

இவர்கள் யாரும் எனக்கு எதிரிகள் இல்லை. இந்தப் பாடத்தை அந்த டவுன் டாக்டர் படித்திருந்தால் எங்கப்பா பிழைத்திருக்கலாம். பதினெட்டு நொடி என்று படித்தபோது எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? அமெரிக்காக்காரன் கொடுத்துவைத்தவன். எங்கப்பாவுக்குக் கிடைத்தது ரெண்டு வார்த்தை.

இந்தியாவிலும் இந்தப் பாடம் வந்துவிட்டது. அணுகுமுறை, அறம், பேச்சு என்று மூன்றையும் சேர்த்து 2018இல் மருத்துவக் கவுன்சில் ஒரு பாடநூல் வெளியிட்டது. 2019இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்த மாணவர்களிலிருந்து அது கட்டாயம். குடும்ப மருத்துவப் பட்டயப் பயிற்சியிலும் நாங்கள் இதை நடத்துகிறோம். நல்லது. ஆனால் எங்கள் வகுப்புகளில் ஓடுகிற பாடம் அப்படியே இங்கிலாந்துப் புத்தகத்தை வைத்துத்தான் ஓடுகிறது. அங்கேதான் என் சண்டை.

அந்தப் புத்தகங்களில் வருகிற நோயாளி உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்காருகிறார். அதற்கு அப்புறம்தான் பாடமே ஆரம்பிக்கிறது. எங்க நோயாளிக்கு அந்த நாற்காலியே பாடம். அங்கே நோயாளியைக் கூப்பிட 'யூ' என்று ஒரே சொல். நம் மொழியில் வாயைத் திறந்ததும் நீயா, நீங்களா என்று தீர்த்தாக வேண்டும். அதைத் தீர்த்த உடனே மத்ததெல்லாம் தீர்ந்துவிடுகிறது. நரைத்த கிழவியைப் பார்த்து இருபத்தஞ்சு வயசுப் பையன் "வாம்மா, என்ன பண்ணுது உனக்கு" என்கிறான். அவளுக்கு அடுத்து வருகிற ஊர்க்காரரைப் பார்த்து "வாங்க சார், உக்காருங்க" என்கிறான். ரெண்டு பேரையும் கேட்டானா சாதி? கேட்கவில்லை. அட்டையில் 'காலனி' என்று முகவரி இருந்தது. காலில் செருப்பு இல்லை. அது போதும்.

புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. நோயாளி மெயின் சேதியைக் கடைசியில்தான் சொல்வார், கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு திரும்பிச் சொல்வார், அப்போது காதைத் தீட்டிக்கொள் என்பார்கள். நான் இதை நடத்தும் ஒவ்வொரு தடவையும் எங்கப்பா கதவோரம் நிற்கிறார். எங்க ஜனத்துக்குக் கதவுதான் ஆரம்பமும் முடிவும். நாங்கள் சொன்ன எல்லா வார்த்தையுமே கதவோரத்தில் நின்று சொன்னதுதான்.

பாலிண்ட் சொன்ன அந்த மருந்து இருக்கிறதே, மருத்துவர் என்கிற மருந்து. அது எங்களுக்கு எத்தனை மில்லி கிடைத்தது என்று நான் கேட்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஒரு பழைய கேஸைக் கொடுத்து மார்க் போடச் சொல்வேன். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்து ரெண்டு நாளில் உடம்பு முடியாமல் போகிறது. வயிற்றோட்டம், மூச்சுத் திணறல். டாக்டரைக் கூப்பிடுகிறார். சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரியவரைப் பிடித்து, ரெண்டு ரூபாய் பீசுக்கு அவரை ஜாமீன் நிற்கவைத்து, கெஞ்சிய பிறகு, பிள்ளை பெத்த உடம்பைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார். கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். முஸ்லிம் அதைப் புருசனிடம் கொடுக்கிறார். புருசன் மனைவிக்கு வைத்துப் பார்த்து முஸ்லிமிடம் கொடுக்க, முஸ்லிம் டாக்டரிடம் கொடுக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போய்விடுகிறார். மருந்து அனுப்புகிறார். அப்புறம் வரவில்லை. அந்த அம்மா செத்துப்போகிறார். அந்த ஆசிரியரே எழுதிய கடிதம் 1929 டிசம்பர் 12இல் காந்தியின் 'யங் இந்தியா'வில் வந்தது. அண்ணல் அம்பேத்கர் அதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எடுத்து வைத்திருக்கிறார்.

இப்ப மார்க் போடுங்கள் என்பேன். வணக்கம் சொன்னாரா? நோயாளியைப் பார்த்தாரா? அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டாரா? பயம் என்ன என்று விசாரித்தாரா? பாதுகாப்பு வலை விரித்தாரா? எல்லாத்துக்கும் பூச்சியம். ஒரு விசயம் மட்டும் கவனியுங்கள் என்பேன். நோயின் பெயரை அவர் சரியாகவே சொல்லியிருக்கலாம். நோயின் பெயர் தெரிந்த டாக்டர் கையால்தான் அந்த அம்மா செத்தார்.

யாராவது ஒரு பையன் சொல்வான்: "சார், அது 1929."

சரி தம்பி. பதினோரு மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து கன்ஷியாம் ஷாவும் மற்றவர்களும் தீண்டாமை பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். வெளிவந்தது 2006இல். மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீட்டுக்குள் போக மறுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. இப்ப தெர்மாமீட்டரைக் கை மாற்றிக் கொடுப்பதில்லை. சேலைக்கு மேலேயே ஸ்டெத்தை வைத்து எடுத்துவிடுகிறார்கள். சில பேருக்கு மட்டும் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். வயிறு வலிக்கிறது என்று வந்தவளை வயிற்றைத் தொடாமலே ஸ்கேனுக்கு எழுதுகிறார்கள். முஸ்லிம் நின்ற இடத்தில் இப்போது மிஷின் நிற்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பேசக் கற்றுக்கொடுப்பதில் ஒரு முறை, நடித்துப் பார்ப்பது. ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி, மற்றவர்கள் பார்த்துவிட்டுக் குறை நிறை சொல்ல வேண்டும். அன்றைக்கு என்னோடு இன்னொரு ஆசிரியரும் இருந்தார். அவர் கொடுத்த கேஸ்: 'படிப்பறிவில்லாத சர்க்கரை நோயாளி, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.' நோயாளியாக நடிக்க ஒரு பையன் எழுந்தான். கெட்டிக்காரன், கெட்ட பையனும் இல்லை. எழுந்ததும் என்ன செய்தான் தெரியுமா? கைக்குட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். முதுகை வளைத்தான். தலையைச் சொறிந்தான். "இன்னா டாக்டரு, சக்கரையாம்ல, ஒண்ணியும் பிரியல சாமி" என்று இழுத்தான். ஒரு தள்ளாட்டம் வேறு. வகுப்பே சிரித்தது. என் சக ஆசிரியர் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

யார் அவன் நடித்துக் காட்டிய மனுசன்? எங்கப்பன்.

பதினோரு பேரில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலனியிலிருந்து வந்த பிள்ளை. அந்த நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லை என்று நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

நிறுத்தச் சொன்னேன். "நீ நடிச்ச ஆளுக்குச் சொந்த ஊர் எது?" என்று அந்தப் பையனைக் கேட்டேன். முழித்தான். "ஏன் கக்கத்துல துண்டு வச்ச? படிக்காத ஊர்க் கவுண்டரோ ரெட்டியாரோ சர்க்கரைக்கு வந்தா கக்கத்துல துண்டு வச்சுக்கிட்டா வருவாரு? உன் கேஸுல படிப்பறிவு இல்லன்னுதான இருக்கு. சேரின்னு எங்க இருக்கு? நீயா எங்கேர்ந்து எடுத்த?" வகுப்பு கப்சிப்.

வெளியே வந்ததும் சக ஆசிரியர் தோளில் கை போட்டுச் சொன்னார்: "சாதியை எதுக்கு சார் உள்ள கொண்டு வர்றீங்க? இது கம்யூனிகேஷன் கிளாஸ்."

நான் கொண்டுவந்தேனாம்! கக்கத்தில் வைத்து அவன் கொண்டுவந்தான். எல்லாரும் சிரித்து உள்ளே வரவேற்றீர்கள். நான் அதற்குப் பெயர் சொன்னேன், அவ்வளவுதான். பெயர் சொன்னவன்தான் சாதி பார்க்கிறவன் என்பது இந்த நாட்டுச் சட்டம்.

அந்தப் பிள்ளை கதை இன்னும் இருக்கிறது. ஆறு மாசம் கழித்து உள்மதிப்பீடு. அவள் ஒரு காலனி அம்மாவைப் பார்க்கிறாள், நானும் அதே சக ஆசிரியரும் மார்க் போடுகிறோம். அந்த அம்மா "மேலெல்லாம் காந்துது, வவுறு பொருமுது, கிறுகிறுன்னு வருது" என்று சொல்கிறார். இந்தப் பிள்ளை ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு, "உக்காருங்க அத்த. காந்தறது ராவுல கூடவா, பகல்லயா? சோறு துன்னதும் பொருமுதா?" என்று கேட்டாள். பாதத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள். உள்ளங்காலில் புண். அந்த அம்மா ஒரு மாசமாக யாரிடமும் சொல்லாத புண். மாத்திரை ஏன் விட்டுப்போகிறது என்றும் கேட்டாள். நடவு வேலைக்கு விடியுமுன் கிளம்பினால் சாப்பிடாமல் போக வேண்டும், சாப்பிடாமல் மாத்திரை போட்டால் வரப்பில் மயங்கி விழவேண்டும், அதனால் விட்டுவிடுகிறேன் என்றார். ஒழுங்கீனம் இல்லை, உசிரைக் காப்பாத்திக்கொள்கிற புத்தி! எல்லாம் பத்து நிமிசம்.

என் சக ஆசிரியர் போட்ட மார்க் தேர்ச்சிக்குக் கீழே. குறிப்பு: 'தொழில்முறை மொழி இல்லை. உறவு முறை வைத்துப் பேசுகிறார். பேச்சில் கொச்சை.'

கக்கத்தில் துண்டு வைத்துக் கொச்சை பேசியவனுக்கு அன்றைக்குக் கைதட்டு. கொச்சையிலேயே பிறந்தவள் அதில் ஒரு காலைக் காப்பாற்றினால் பெயில். நான் மாறுபட்டு எழுதினேன், மேலிடத்துக்கும் எழுதினேன். மார்க் மாறவில்லை. திரும்ப எழுதவைத்தார்கள். ரெண்டாம் தடவை அவள் அந்த அம்மாவைப் போன்ற இன்னொருவரிடம் 'மேடம்' என்று பேசிப் பாஸானாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு அவமானம்.

இது இங்கே மட்டும் நடக்கிறதில்லை. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் ஆவதற்குப் பேச்சுத் திறனுக்கென்றே நடிகர்களை நோயாளியாக வைத்து ஒரு தேர்வு நடத்தினார்கள். அங்கேயே படித்த கறுப்பர், ஆசியர் பிள்ளைகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிட முதல் முயற்சியில் அதிகம் தோற்கிறார்கள், மதிப்பெண் போடுவதில் பாரபட்சம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று 2013இல் எஸ்மாயில், ராபர்ட்ஸ் இருவரும் எழுதினார்கள். இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டது. 2014இல் லண்டன் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் அவர்களுக்குத் தார்மீக வெற்றி கிடைத்திருக்கிறது என்று நீதிபதியே சொன்னார். அந்த வழக்கை வாய் வலிக்கப் பேசுகிற நம்மூர் மேல்சாதி மருத்துவர்கள் உண்டு. அங்கே அவர்கள் கறுப்பர். இங்கே வந்தால் மார்க் போடுகிறவர்கள். அங்கே எரிந்தது இங்கே ஏன் எரியவில்லை?

அடுத்த வாதம் ஒன்று தயாராக இருக்கும். நேரம் இல்லை. புறநோயாளிப் பிரிவில் காலையில் எண்பது பேர் நிற்கிறார்கள், நாற்காலி போட்டு உபசாரம் பண்ண முடியுமா?

நேரம் இல்லைதான். 67 நாடுகளின் கணக்கை எடுத்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. சுவீடனில் ஒரு நோயாளிக்கு இருபத்திரண்டரை நிமிசம், வங்கதேசத்தில் 48 நொடி. நம் கதை வங்கதேசத்துப் பக்கம்தான். டாக்டர்களைக் கூட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கூட்டு என்று நாமும் கத்துவோம், சேர்ந்து கத்துவோம். ஆனால் 'நீ' என்பதற்கும் 'நீங்க' என்பதற்கும் எத்தனை நொடி வித்தியாசம்? ஸ்டூலைக் காலால் தள்ளுவதற்கும் கையால் இழுத்துப் போடுவதற்கும் எத்தனை நொடி? ரெண்டு நிமிசம்தான் இருக்கிறது என்றால், அந்த ரெண்டு நிமிசம் யாருக்கு நாலாகிறது, யாருக்கு அரையாகிறது என்பதுதான் கேள்வி. வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இலேயே எழுதினார்: யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. அவர் ஊர் கணக்கு வர்க்கத்தோடு நின்றது. நம்முடையது அறைக்குள்ளே, ஸ்டூல் வரைக்கும் வருகிறது.

மற்றவனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் யோக்கியன் இல்லை. என் கதையையும் சொல்லியாகணும்.

படிப்பை முடித்து ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த புதுசு. கூட்டம். ஒரு கிழவி உள்ளே வந்து நின்றாள், ஏதோ ஆரம்பித்தாள். நான் தலை நிமிராமலே, "சீக்கிரம் சொல்லு, என்னா பண்ணுது? கத வேணாம்" என்றேன். அவள் பேசவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். "நீ நம்ம புள்ளன்னு சொன்னாங்கப்பா. அதான் மூணு மைல் நடந்து வந்தேன்" என்றாள்.

எனக்கு யார் கற்றுக்கொடுத்தது அந்தப் பேச்சை? ஒருத்தரும் வகுப்பெடுக்கவில்லை. அஞ்சரை வருசம் வாத்தியார்களுக்குப் பின்னால் வார்டில் நடந்தேன். அவர்கள் பேசியதைக் கேட்டேன். அவர்களைப் போலப் பேசினால்தான் டாக்டர் என்று நம்பினேன். சேரிக்காரன் என்று தெரியாமல் இருக்க, சேரிக்காரியை விரட்டினேன். எங்கப்பாவை விரட்டிய அந்த டவுன் டாக்டர் என் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் சொல்கிறேன்: இது நல்லவன் கெட்டவன் விவகாரம் இல்லை. கற்றுக்கொடுத்து வருகிற விசயம். வார்டில் தினமும் ஒரு பாடம் நடந்துகொண்டே இருக்கிறது. அதை முறியடிக்க எதிர்ப்பாடம் வேண்டும்.

என்ன பாடம்? நான் நடத்துவதைச் சொல்கிறேன். யார் வந்தாலும் 'வாங்க', 'நீங்க', 'உக்காருங்க'. இதற்கு விதிவிலக்கு சின்னக் குழந்தை மட்டும். நோயாளி உட்காரும்வரை டாக்டரும் உட்காரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பையன்களுக்கு முதல் வாரம் கால் வலிக்கிறது. ரெண்டாவது, 'குடிப்பியா' என்பது யாருக்கும் முதல் கேள்வி இல்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கவுண்டரையும் கேள், காலனிக்காரரையும் கேள், ஒரே வார்த்தையில் கேள். மூன்றாவது, தொடு. ஒவ்வொருவரையும் தொட்டுப் பார். வயிற்று வலிக்கு வயிற்றில் கை, இருமலுக்கு முதுகில் குழாய். தொடாமல் எழுதிய சீட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாலாவது, நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுது. காந்துதுன்னா காந்துது, பொருமுதுன்னா பொருமுது. புரியவில்லை என்றால் கேள். புரியாதது உன் குறை. 'வரலாறு சொல்லத் தெரியவில்லை' என்று என் வார்டில் எவனும் எழுதக்கூடாது. 'எனக்குக் கேட்கத் தெரியவில்லை' என்று எழுது, கையெழுத்துப் போடுகிறேன். அஞ்சாவது, 'குறையலன்னா மூணு நாள்ல வாங்க' என்று வாய் வார்த்தையாக வலை விரிக்காதே. மூணாம் நாள் வந்தால் ஒருநாள் கூலி போகும், பஸ்சுக்குக் காசு போகும். வரமுடியுமா என்று கேள். முடியாதென்றால் நர்சம்மா அந்தப் பக்கம் என்றைக்குப் போகிறார் என்று பார்த்துச் சொல். அப்படிப் போகிற நர்சம்மா வாசலோடு திரும்பாமல் வீட்டுக்குள் போகிறாரா என்பதையும் கேள்.

எல்லாத்துக்கும் மேலே ஒன்று. மார்க் போடும் மேசையில் எங்க ஜனம் ஒருத்தர் இருக்க வேண்டும். டாக்டராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 'சரியாகப் பேசினாரா' என்பதைப் பேச்சுக் கேட்டவர் சொல்லட்டும். காலில் புண்ணோடு வந்த அந்த அம்மாவை மார்க் போடச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை முதல் மார்க். இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். எழுத்துத் தெரியாதவர் டாக்டருக்கு மார்க்கா என்கிறார்கள். எழுத்துத் தெரியாதவரை நடிக்க மட்டும் உங்களுக்கு உரிமை உண்டா?

நம் பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். நாடி பிடித்து வைத்தியம் பார்த்துக்கொண்டே 1907இல் பத்திரிகையும் தொடங்கியவர். நமக்கு மருத்துவமும் தெரியும், வரலாறும் தெரியும். சொல்லத் தெரியாமல் இல்லை. சொல்ல விட்டதில்லை.

இதைப் படிக்கிற நம் ஜனத்துக்கு ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்குப் போனால் உட்காருங்கள். ஸ்டூல் மேசைக்கு அடியில் கிடந்தால் இழுத்துப் போட்டு உட்காருங்கள். குறுக்கே பேசினால், "நான் இன்னும் முடிக்கல" என்று சொல்லுங்கள். ரத்தம் என்றால் முதல் வார்த்தையே ரத்தம் என்று சொல்லுங்கள், இருமலில் ஆரம்பிக்காதீர்கள். விரட்டினால் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.

டாக்டருக்குப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்க வாய்ப்பேச்சை அங்கே தொலைத்துவிட்டு வராதீர்கள். கிழவி மூணு மைல் நடந்து வந்துகொண்டிருக்கிறாள்.